பில்லி தி கிட்டைச் சுட்ட பிறகு ஷெரிப் பாட் காரெட் என்ன ஆனார்?

மாலைவாசகர் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அரைமணி நேரம் பேச வேண்டிய பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நாங்கள் பெரும்பாலும் கௌபாய் சித்திரக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் என்பதால், அந்தக் கதைகளில் நெஞ்சில் நட்சத்திரச் சின்னம் அணிந்து வரும் ஷெரிப்பைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்து, உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைத் தேடியபோது நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி) ஷெரிப்பாக இருந்த பாட் காரெட்டிடம் வந்து சேர்ந்தேன்.

தேடத் தேட ஒரு சிக்கல் எழுந்தது. எங்கே பார்த்தாலும் அவருடைய வாழ்க்கை 1881-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி இரவோடு முடிந்துவிடுகிறது. இருட்டறை ஒன்றில் பில்லி தி கிட் என்ற தேடப்பட்ட குற்றவாளியைச் சுட்டுக் கொன்றார் என்பதற்கு அப்பால் எவரும் விரிவாக எழுதவில்லை. அப்போது அவருக்கு வயது 31, இறந்தது 1908-இல். இடைப்பட்ட ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவர் என்ன செய்தார், அத்தனை புகழ் பெற்றவர் பிறகு நன்றாக வாழ்ந்தாரா என்பதே என் முதற்கேள்வி.

அடுத்ததாக, அந்தப் பதவியே எனக்குத் தெளிவாகப் புரியவில்லை. அவரை அரசு நியமித்ததா, காவல் துறையில் படிப்படியாக உயர்ந்து வந்தவரா, சம்பளம் யார் கொடுத்தார்கள்? நம் சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரிப் என்றொரு பதவி இருந்தது. ஆனால் அது நகரப் பிரமுகர்களுக்கு அளிக்கப்பட்ட கௌரவப் பதவி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டும் எப்படி ஒரே பெயரைப் பெற்றன? கடைசியாக, இருட்டில் நின்று, எச்சரிக்கை கொடுக்காமல் சுட்டது சட்டப்படி சரிதானா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

கரிசல்மேடு

நான் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அமெரிக்க வரலாற்றைப் பல ஆண்டுகளாக விருப்பத்துடன் படித்து வருகிறேன். பதவியைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மற்றவற்றை இங்குள்ள நண்பர்கள் சொல்லட்டும்.

பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஷயர் என்றால் மாவட்டம் போன்ற ஒரு நிலப்பகுதி. ரீவ் என்றால் அங்கே அரசருக்காக வரி தண்டி, ஒழுங்கைக் காக்கும் அலுவலர், ஏறக்குறைய நம் மணியக்காரர். இவ்விரண்டு சொற்களும் சேர்ந்து மருவியதே ஷெரிப். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தப் பெயரையும் எடுத்துச் சென்றார்கள். சென்னையில் அது நீதிமன்றத்தோடு ஒட்டிய பதவியாகத் தொடங்கி, பிற்காலத்தில் வெறும் மரியாதைப் பதவியாகத் தேய்ந்தது. அமெரிக்காவிலோ பழைய அதிகாரம் முழுவதும் அதனிடமே தங்கியது மட்டுமன்றி, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியாகவும் ஆயிற்று. இன்றும் அந்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிப் தேர்தலில் வென்றுதான் பதவிக்கு வருகிறார்.

ஆகவே காரெட் காவல் துறையில் படிப்படியாக உயர்ந்தவர் அல்லர். உயர்வதற்கு அங்கே துறை என்று ஒன்றும் இல்லை. அலபாமாவில் 1850-இல் பிறந்து, லூயிசியானாவில் தந்தையின் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் குடும்பம் கடனில் மூழ்கியது; தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள்; 1869-இல், வயது இருபது நிரம்புவதற்குள், வீட்டை விட்டு மேற்கே புறப்பட்டுவிட்டார். டெக்சாஸில் எருமை வேட்டை ஆடினார். அங்கே ஒரு சச்சரவில் உடன் வேட்டையாடிய ஒருவரைக் கொன்று, தானே போய்ச் சரணடைந்தும் வழக்கு இல்லாமல் விடப்பட்டார். 1878 வாக்கில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் வந்து நின்றபோது அவரிடம் சொத்து என்று சொல்ல எதுவும் இல்லை. ஆறடியைத் தாண்டி நெடுநெடுவென்று நின்ற அவரை அங்கிருந்த ஸ்பானிய மொழி மக்கள் ஹுவான் லார்கோ, அதாவது நெட்டை ஹுவான், என்று அழைத்தார்கள். அந்த மக்களிடமிருந்தே அப்போலினாரியா குட்டியெர்ரெஸ் என்ற பெண்ணை 1880-இல் மணந்துகொண்டார்.

அப்படிப்பட்டவர் எப்படி ஷெரிப் ஆனார் என்பதில்தான் பதவியின் உண்மையான தன்மை தெரிகிறது. லிங்கன் கவுண்டி அக்காலத்தில் நியூ மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதி முழுவதையும் விழுங்கியிருந்த பெருநிலப்பரப்பு. அங்கே 1878-இல் இரு வணிகக் கூட்டங்களுக்கு இடையே மூண்ட பகை ஊர்ச்சண்டையாகவே மாறியது. அவ்வாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அன்றைய ஷெரிப் வில்லியம் பிரேடியையே லிங்கன் ஊரின் தெருவில் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். சுட்ட கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர்தான் பில்லி. சண்டை ஓய்ந்த பின்னும் கால்நடைத் திருட்டு ஓயவில்லை. அதனால் நட்டப்பட்ட ஜான் சிசம் போன்ற பெரிய கால்நடை உரிமையாளர்கள், அஞ்சாமல் திருடர்களைத் துரத்தக்கூடிய ஒருவரைத் தேடிக் காரெட்டை வேட்பாளராக நிறுத்தினார்கள். 1880 நவம்பர் தேர்தலில் அவர் பெற்ற வாக்குகள் 320. பதவியில் இருந்தவருக்குக் கிடைத்தவை 179. அவ்வளவு பெரிய நிலப்பரப்பின் சட்டம் ஒழுங்கை ஐந்நூறு வாக்குகளுக்கும் குறைவான ஒரு தேர்தல் முடிவு செய்தது. பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். தேர்தலில் நிறுத்தியவர்களுக்கு மனம் மாறினால், அல்லது மாற்றுக் கட்சி வலுத்தால், மூன்றாம் ஆண்டில் அவர் வெறும் குடிமகன்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்றைய நியூ மெக்சிகோவில் ஷெரிப்பே வரி வசூலிப்பவரும் ஆவார். வசூலித்த தொகையில் ஒரு பங்கும், நீதிமன்ற அழைப்பாணைகளைக் கொண்டு சேர்ப்பது போன்ற வேலைகளுக்கான கட்டணங்களுமே அவருடைய வருமானம். குற்றவாளியைத் துரத்த ஆள் திரட்டினால் அவர்களுடைய உணவுக்கும் குதிரைத் தீவனத்துக்கும் முதலில் தன் கைப்பணத்தைப் போட வேண்டும். பிறகு கவுண்டி நிர்வாகத்திடம் கணக்குக் காட்டிக் கேட்டுப் பெற வேண்டும். ஜமாபந்தி நாளில் கணக்குக் கட்டுகளோடு வரிசையில் நின்ற எனக்கு, சித்திரக்கதைகள் ஒருபோதும் காட்டாத இந்தப் பகுதிதான் காரெட்டை மிகவும் நெருக்கமானவராக ஆக்கியது.

அதற்காக அவருடைய துணிவை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1880 டிசம்பரில், பதவிக்காலம் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே, துணை ஷெரிப்பாக நின்று, பனி மூடிய சமவெளியில் பில்லியின் கூட்டத்தைப் பின்தொடர்ந்து, ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கதவில்லாத ஒரு கல் வீட்டில் அவர்களை வளைத்துக்கொண்டார். விடியற்காலையில் குதிரைகளுக்குத் தீனி போட வெளியே வந்த சார்லி பௌட்ரே என்பவர், பில்லி என்று தவறாகக் கருதப்பட்டுச் சுடப்பட்டார். பிறகு உள்ளே இழுக்கப்பட்ட குதிரையொன்றை வாசற்படியிலேயே சுட்டு வீழ்த்தி வழியை அடைத்தார்கள். மாலையில் வெளியே இருந்தவர்கள் தீ மூட்டிச் சமைக்கத் தொடங்க, பகல் முழுவதும் பசித்துக் கிடந்தவர்கள் சரணடைந்தார்கள். இதைவிடவும் என்னைக் கவர்வது அதற்குப் பிறகு லாஸ் வேகஸ் ரயில் நிலையத்தில் நடந்தது (நியூ மெக்சிகோவில் உள்ள ஊர் இது, சூதாட்ட நகரம் அன்று). கைதிகளில் ஒருவரான ரூடபோவைத் தங்களிடம் ஒப்படைக்கக் கோரி ஆயுதம் ஏந்திய கூட்டம் ரயிலைச் சூழ்ந்துகொண்டபோது, பாதுகாப்பாகச் சாண்டா ஃபே கொண்டு சேர்ப்பதாகக் கைதிகளுக்குக் கொடுத்த வாக்கை மீற மறுத்த காரெட், தாக்கினால் கைதிகளின் கையிலேயே துப்பாக்கி கொடுத்துவிடுவேன் என்று சொல்லி நின்றார். ரயில் புறப்பட்டது. பேச்சில் இந்தக் காட்சியைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம்.

மணற்குன்று

நான் எல் பாசோவில் வசிக்கிறேன். லிங்கன் ஊருக்கு இரண்டு முறை சென்றிருக்கிறேன். ஐயா அவர்கள் வரி வசூலைச் சொன்னதும் அங்குள்ள நீதிமன்றக் கட்டடம்தான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் காரெட்டின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தோல்வி நிகழ்ந்த நாளில் அவர் வரி வசூலுக்குத்தான் போயிருந்தார்.

பிரேடியைக் கொன்ற குற்றத்துக்காக 1881 ஏப்ரலில் மெசியாவில் பில்லிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மே 13-ஆம் தேதி லிங்கனில் தூக்கிலிட வேண்டும் என்பது ஆணை. நிறைவேற்ற வேண்டியவர் ஷெரிப். நம்பிப் பூட்டி வைக்கத்தக்க சிறை ஊரில் இல்லாததால், பழைய வணிகக் கூட்டம் ஒன்றின் கடையாக இருந்து நீதிமன்றமாக மாறிய இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், தன் அலுவலக அறைக்குப் பக்கத்திலேயே, விலங்கிட்டு வைத்து, பெல், ஓலிங்கர் என்ற இருவரைக் காவலுக்கு நிறுத்தினார் காரெட். ஏப்ரல் 28-ஆம் தேதி அவர் ஒயிட் ஓக்ஸ் என்ற சுரங்க ஊரில் வரி வசூலித்துக்கொண்டிருந்தார். ஓலிங்கர் மற்றக் கைதிகளை எதிரிலிருந்த விடுதிக்கு உணவுக்கு அழைத்துச் சென்ற நேரத்தில், பில்லி பெல்லைப் படிக்கட்டில் சுட்டுக் கொன்றுவிட்டு, ஓலிங்கரின் இரட்டைக்குழல் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு மேல்மாடி ஜன்னலில் நின்று, சத்தம் கேட்டு ஓடிவந்த அவரையும் சுட்டார்.

அந்தப் படிக்கட்டு குறுகலானது. கீழே நின்று பார்த்தால் மேலே திரும்பும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் கையூன்றி ஏறினால் மற்றொருவர் ஒதுங்குவதற்கு இடம் இராது. மேலே ஏறி ஜன்னலருகே நின்றால், ஓலிங்கர் விழுந்த இடம் கல்லெறி தூரம்கூட இல்லை என்பது தெரிகிறது. எத்தனை பெரிய கவுண்டி, எத்தனை சிறிய அலுவலகம் என்ற எண்ணமே எனக்கு அங்கே மேலோங்கியது. இரண்டு காவலர்களையும் தன் கைதியையும் ஒரே நாளில் இழந்த செய்தி, வசூல் கணக்கோடு வேறோர் ஊரில் இருந்த மனிதரை எட்டியபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த இழப்பைத் தெரிந்துகொண்டால்தான் ஜூலை 14-ஆம் தேதி இரவைப் புரிந்துகொள்ள முடியும். அதன் சட்ட நிலையைப் பற்றி நான் சொல்வதைவிடச் சட்டம் பயின்றவர் சொல்வது பொருத்தம். பிறகு நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். ஆளுநர் லூ வாலஸ் அறிவித்திருந்த 500 டாலர் வெகுமதி காரெட்டுக்கு உடனே கிடைக்கவில்லை. தற்காலிகமாக ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் சட்டத் தெளிவு வேண்டும் என்று நிறுத்திவைக்க, அடுத்த ஆண்டு சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றிய பிறகே தொகை வந்தது. 1882-இல் அவர் பெயரில் வெளியான புத்தகத்தை நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அது சரியாக விற்கவில்லை. அதே ஆண்டில் ஷெரிப் பதவிக்கு மீண்டும் போட்டியிடாமல், சட்டமன்ற மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அவர் செய்த ஒரு வேலை பற்றி எவரும் பேசுவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ரோஸ்வெல் அருகே நிலம் வாங்கிய காரெட், பேகோஸ் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டித் திருப்பினால் அந்த வறண்ட சமவெளி விளைநிலமாகும் என்று முதலில் கண்டவர்களில் ஒருவர். அது வெறும் கனவாக நிற்கவில்லை. நீர்ப்பாசன நிறுவனம் உருவானது, கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஆனால் முதலீடு பெருகப் பெருக, பெரிய பணக்காரர்களின் கை ஓங்கி, அவர் வெளியே தள்ளப்பட்டார். லிங்கனிலிருந்து பிரிந்து உருவான சாவேஸ் கவுண்டியில் 1890-இல் ஷெரிப் பதவிக்குப் போட்டியிட்டு அதிலும் தோற்று, மனம் வெறுத்துக் குடும்பத்தோடு டெக்சாஸின் யுவால்டிக்குச் சென்று பந்தயக் குதிரைகள் வளர்க்கத் தொடங்கினார்.

வாய்தா

நான் வழக்கறிஞர். இருட்டறைக் கேள்விக்கு வருகிறேன். காரெட் இரண்டு துணைவர்களைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, பில்லி எங்கே என்று விசாரிப்பதற்காக நள்ளிரவை ஒட்டி பீட் மாக்ஸ்வெல் என்பவரின் படுக்கையறைக்குள் சென்று கட்டிலருகே அமர்ந்திருந்தார். அந்நேரம் பார்த்துப் பில்லியே அந்த அறைக்குள் வந்து, தாழ்வாரத்தில் அந்நியர்களைக் கண்ட திகைப்பில், யார் அது என்று ஸ்பானிய மொழியில் கேட்டார். குரலை அடையாளம் கண்ட காரெட் இருமுறை சுட்டார். முதற்குண்டு மார்பில் பாய்ந்தது. பில்லியின் கையில் இறைச்சி அறுக்க எடுத்து வந்த கத்தி இருந்தது. துப்பாக்கியும் இருந்ததா என்பதில் இன்றுவரை தகராறு உண்டு.

மறுநாள் காலையில் ஊர் மக்களைக் கொண்ட மரண விசாரணைக் குழு கூடி, ஸ்பானிய மொழியிலேயே அறிக்கை எழுதி, இது நியாயப்படுத்தத்தக்க கொலை என்று முடிவு சொன்னது. ஃபோர்ட் சம்னர் பில்லிக்கு நண்பர்கள் நிறைந்த ஊர் என்பதை மனத்தில் கொண்டு அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். மரண தண்டனை பெற்று, தப்பும்போது இரு காவலர்களைக் கொன்றவர், ஆயுதத்தோடு நெருங்குவதாக ஷெரிப் நம்பக் காரணம் இருந்தது என்பதால், அன்றைய சட்டப்படி அந்த முடிவில் குறை காண முடியாது என்பதே என் கருத்து. கோழைத்தனம் என்று சொல்பவர்கள், சித்திரக்கதையின் நேருக்குநேர் துப்பாக்கிச் சண்டையை ஷெரிப்பின் கடமையாக எண்ணிக்கொள்கிறார்கள். கைதியைப் பிடிப்பதோ, பிடிக்க முடியாதபோது தன்னையும் பிறரையும் காப்பதோதான் கடமை. சமமான வாய்ப்பு கொடுப்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

ஆனால் ஒரு ஷெரிப்பின் தொழில் வாழ்க்கையை அளக்க வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்வது இந்த இரவை அன்று. அவர் தோற்றுப்போன ஃபவுண்டன் வழக்கை. ஆல்பர்ட் ஃபவுண்டன் கால்நடைத் திருடர்கள் மீது வழக்கு நடத்தி வந்த வழக்கறிஞர். 1896 ஜனவரியில் லிங்கன் நீதிமன்றத்தில் ஆலிவர் லீ உள்ளிட்டோர் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, எட்டு வயது மகன் ஹென்றியுடன் குதிரை வண்டியில் மெசியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழக்கைக் கைவிட்டால் நட்பு, தொடர்ந்தால் உயிரோடு வீடு சேர முடியாது என்ற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு நீதிமன்றத்திலேயே அவர் கைக்கு வந்திருந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி, வெண்மணல் பாலைக்கு அருகே, தந்தையும் மகனும் காணாமல் போனார்கள். வண்டி கிடைத்தது, சாலையில் இரத்தக்கறை கிடைத்தது, உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த வழக்கைத் துலக்குவதற்காகவே ஆளுநர் காரெட்டை யுவால்டியிலிருந்து அழைத்து வந்தார். அவ்வாண்டிலேயே அவர் டோன்யா ஆனா கவுண்டியின் ஷெரிப் ஆனார். அவசரப்பட்டுக் கைது செய்யாமல் இரண்டாண்டுக் காலம் சாட்சியம் திரட்டினார். 1898-இல் பிடியாணை பெற்று, ஜூலை மாதத்தில் வைல்டி வெல் என்ற கிணற்றடி வீட்டில் லீயையும் அவருடைய கூட்டாளி கில்லிலண்டையும் வளைத்தபோது, அவர்கள் வீட்டுக்கூரையின் மேல் படுத்திருந்தார்கள். மேலிருந்து வந்த குண்டுகளில் துணை ஷெரிப் கியர்னி வீழ்ந்தார். காரெட் சண்டையை நிறுத்திப் பின்வாங்க நேர்ந்தது, கியர்னி இறந்துபோனார்.

அடுத்து நடந்ததைச் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். லீயின் பக்கம் நின்ற வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஆல்பர்ட் ஃபாலும் அவருடைய கூட்டாளிகளும், குற்றம் நடந்த நிலப்பகுதியை உள்ளடக்கி ஒரு புதிய கவுண்டி உருவாவதற்கு வழி செய்தார்கள். அன்றைய ஆளுநரின் ஆதரவு கிடைக்கும் பொருட்டு அதற்கு அவருடைய பெயரையே சூட்டி, ஓட்டேரோ கவுண்டி என்றார்கள். 1899 ஜனவரியில் அது சட்டமானதும், குற்றம் நடந்த இடம் காரெட்டின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. புதிய கவுண்டிக்கு ஜார்ஜ் கரி என்ற புதிய ஷெரிப் நியமிக்கப்பட்டார். காரெட்டின் காவலில் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு லீயும் கில்லிலண்டும் சரணடைந்தார்கள். சிறுவன் ஹென்றியைக் கொன்றதாக ஹில்ஸ்பரோ என்ற மலையூரில் நடந்த விசாரணையில், ஃபால் அவர்களுக்காக வாதாடினார். உடலே இல்லாத கொலை வழக்கில் ஜூரிகள் சில நிமிடங்களிலேயே விடுதலை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஷெரிப்பின் அதிகாரம் கவுண்டி எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அந்தக் கோட்டை வரைவது ஷெரிப் அல்லர். காரெட் 1900-ஆம் ஆண்டோடு அந்தப் பதவியை விட்டு இறங்கினார்.

மாலைவாசகர்

மூவருக்கும் நன்றி. இதில் பாதிகூட நான் அறிந்ததில்லை. வாய்தா அவர்கள் ஆல்பர்ட் ஃபால் என்று குறிப்பிட்டவர், பிற்காலத்தில் அமெரிக்க உள்துறைச் செயலராகி எண்ணெய் வயல் ஊழலில் தண்டனை பெற்ற அதே ஃபால்தானா? மேலும், 1900-க்குப் பிறகு இறுதி எட்டு ஆண்டுகளைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

வாய்தா

ஆம், அதே ஃபால்தான். டீபாட் டோம் வழக்கில் கையூட்டுப் பெற்றதற்காக 1929-இல் தண்டிக்கப்பட்டவர். காரெட்டின் கதையில் அவர் இன்னொரு முறையும் வருகிறார். மணற்குன்று அதைச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மணற்குன்று

சொல்கிறேன். அந்த இறுதி எட்டு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் அவர் நான் வாழும் ஊரில்தான் இருந்தார்.

1901 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் அவரை எல் பாசோ சுங்க வசூல் அதிகாரியாக நியமித்தார். குடியும் சூதாட்டமும் உள்ளவர் என்று பலர் எதிர்த்தும் ரூஸ்வெல்ட் பின்வாங்கவில்லை. நிலையான சம்பளம் அவருக்குக் கிடைத்த அரிய காலம் அது. ஆனால் மெக்சிகோவிலிருந்து வரும் கால்நடைகளுக்குத் தீர்வை விதிப்பதில் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று இறக்குமதியாளர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 1903-இல் ஓர் அலுவலரோடு தெருவில் கைகலப்பும் நேர்ந்தது. 1905-இல் சான் அன்டோனியோவில் ரூஸ்வெல்ட்டின் பழைய போர்த்தோழர்கள் கூடிய விழாவுக்குச் சென்ற காரெட், தன் நண்பரான மதுக்கடை உரிமையாளர் டாம் பவர்ஸைக் கால்நடை வணிகர் என்று சொல்லிக் குடியரசுத் தலைவரோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளச் செய்தார். உண்மை வெளிப்பட்டது, அவருக்கு மறுநியமனம் கிடைக்கவில்லை.

பதவி போனதும் கடன்காரர்கள் வந்தார்கள். லாஸ் குரூசஸுக்குக் கிழக்கே சான் ஆண்ட்ரெஸ் மலையடிவாரத்தில் இருந்த பண்ணை அடமானத்தில் மூழ்கியது. ஒரு காலத்தில் வீடு வீடாக வரி கேட்டுச் சென்றவரின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. ஐயா அவர்கள் சொன்ன அந்தக் கைப்பணப் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது என்று தோன்றுகிறது. நண்பர்களுக்குக் கடன் கொடுத்தார், பிணை நின்றார், பந்தயத்தில் இழந்தார். எட்டுப் பிள்ளைகள் வேறு.

இந்த நிலையில் அவருடைய மகன் ஒரு மேய்ச்சல் நிலத்தை வெய்ன் பிரேசல் என்ற இளைஞனுக்குக் குத்தகைக்கு விட, பிரேசல் அங்கே மாடுகளுக்குப் பதில் வெள்ளாடுகளைக் கொண்டுவந்து நிரப்பினான். வெள்ளாடு மேய்ந்த நிலத்தில் பிறகு மாட்டுக்குப் புல் மிஞ்சாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தை வாங்க வந்ததாகச் சொன்னவர்கள், ஆடுகள் போனால்தான் வாங்குவோம் என்றார்கள். பிரேசலோ ஆடுகளையும் விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான். முதலில் 1,200 என்ற ஆட்டுக் கணக்கு பிறகு 1,800 ஆயிற்று. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி, இதைப் பேசித் தீர்ப்பதற்காக, கார்ல் ஆடம்சன் என்பவரோடு காரெட் வண்டியில் லாஸ் குரூசஸ் நோக்கிச் சென்றார். வழியில் பிரேசலும் குதிரையில் வந்து சேர்ந்துகொள்ள, வாக்குவாதம் வளர்ந்தது. சிறுநீர் கழிப்பதற்காக வண்டியிலிருந்து இறங்கி நின்றபோது காரெட்டின் பின்மண்டையில் குண்டு பாய்ந்தது, இன்னொன்று வயிற்றில்.

பிரேசல் தானே சென்று சரணடைந்து, தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னான். 1909-இல் விசாரணை நடந்தபோது அவனுக்காக வாதாடியவர்தான் ஆல்பர்ட் ஃபால். உடன் இருந்த ஒரே சாட்சியான ஆடம்சன் விசாரணையில் சாட்சி சொல்ல அழைக்கப்படவே இல்லை. முதுகு காட்டி நின்றவரைச் சுட்டது எப்படித் தற்காப்பாகும் என்ற கேள்வியை எவரும் உரக்கக் கேட்காமலேயே ஜூரிகள் விடுதலை அளித்தார்கள். சுட்டது உண்மையில் பிரேசல்தானா, வேறு யாரும் ஏவினார்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதங்களைவிட, பிறர் கொலைகளுக்குச் சாட்சி தேடி அலைந்தவருக்கு ஒரு முழுமையான விசாரணைகூட வாய்க்கவில்லை என்பதே ஆற்றாமையாக இருக்கிறது.

துப்பாக்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பில்லியைச் சுட்ட கோல்ட் கைத்துப்பாக்கி டாம் பவர்ஸின் மதுக்கடையில் காட்சிப்பொருளாக இருந்தது. பவர்ஸ் இறந்த பின் 1930-களில், வயது முதிர்ந்த அப்போலினாரியா வழக்குத் தொடுத்து, அது கணவரின் சொத்து என்று நிறுவி மீட்டுக்கொண்டார். 2021 ஆகஸ்டில் அந்தத் துப்பாக்கி ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. கடனுக்காகப் பண்ணையை இழந்த குடும்பத்தை நினைத்துக்கொண்டுதான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

கரிசல்மேடு

மகள் எலிசபெத்தையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். ஆஸ்டினில் பார்வையற்றோர் பள்ளியில் இசை பயின்று, பாடகராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தார். அவர் இயற்றிய பாடலை நியூ மெக்சிகோ 1917-இல் தன் மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது. ஷெரிப்பின் மகள் தந்தையைக் கொலையாளியாக அன்று, வீட்டில் பரிவோடு நடந்துகொண்டவராகவே நினைவுகூர்ந்தார்.

மாலைவாசகர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சை ஜூலை 14-ஆம் தேதி இரவில் தொடங்குவதாக இருந்தேன். இப்போது ஏப்ரல் 28-ஆம் தேதி பகலில், ஒயிட் ஓக்ஸில் வரிக்கணக்கோடு நிற்கும் காரெட்டிடமிருந்து தொடங்கப் போகிறேன். மணற்குன்று அவர்களே, லிங்கன் நீதிமன்றப் படிக்கட்டைப் புகைப்படம் எடுத்திருந்தால் இங்கே பதிவிட முடியுமா? வாசகர் வட்டத்தில் அதைத் திரையில் காட்ட விரும்புகிறேன்.